வீட்டுக் காவலுக்குச் செனாப்பாங்கா, கைத்துப்பாக்கியா? கோலாலம்பூர், பினாங்கு வாசிகள் விண்ணப்பத்துக்கு முன் செய்ய வேண்டியவை

தாமானில், அதாவது நம் குடியிருப்புப் பகுதியில், அடுத்தடுத்து இரண்டு வீடுகளை உடைத்துவிட்டால் போதும், மூன்றாம் நாள் கோயில் வாசலில் இந்தப் பேச்சு எழுந்துவிடும். ஒரு துப்பாக்கி வாங்கி வைத்தால் என்ன? செனாப்பாங் எனப்படும் நீளக் குழாய் ஷாட்கன் நல்லதா, கைத்துப்பாக்கி நல்லதா? இணையத்தில் தேடினால் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களுக்காக எழுதியவை. கடைக்குப் போய் எதை வாங்கலாம் என்று யோசிப்பவருக்கு அவை பயன்படும். மலேசியாவில் வரிசையே வேறு. எந்தக் காரணத்துக்கு உரிமம் கேட்கிறீர்கள், அதை எந்தக் காகிதம் நிரூபிக்கிறது என்பதுதான் முதலில். துப்பாக்கியின் வகை அதற்குப் பிறகு வருகிறது. அந்த வரிசையிலேயே போகலாம்.

1. எதைத் தொட்டாலே குற்றம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தின் 8ஆவது பிரிவில் குற்றம் சாட்டினால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும். "பாதுகாப்புக்குத்தான் வைத்திருந்தேன்" என்பது உரிமத்துக்கு ஈடாகாது.

ஆயுதம் என்ற சொல்லுக்குச் சட்டம் கொடுக்கும் பொருள் நீங்கள் நினைப்பதைவிட அகலமானது. காற்றழுத்தத் துப்பாக்கி அதில் அடங்கும். துப்பாக்கியின் தனிப் பாகங்களும் அடங்கும். தீங்கான வாயுவையோ திரவத்தையோ பீய்ச்சும் ஆயுதமும் அடங்கும். பினாங்கிலிருந்து தாய்லாந்தின் ஹட்யாய்க்குப் போய் வருகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் இதுதான். அங்கே கடைத்தெருவில் பொம்மைபோல் விற்பதைப் பையில் போட்டுக்கொண்டு புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைச் சாவடியைக் கடந்தால், இங்கே அது ஆயுதம் அல்லது போலி ஆயுதம். போலி ஆயுதத்துக்கே 36ஆவது பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறை, 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. திருடனைப் பயமுறுத்தப் போலித் துப்பாக்கி வாங்கும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். உண்மைத் துப்பாக்கி என்று நம்பி அவன் உங்களை முந்தித் தாக்கும் ஆபத்தும் அதில் இருக்கிறது.

காரின் இருக்கைக்கு அடியில் பாராங் என்ற வெட்டுக்கத்தியை வைப்பது இன்னொரு பொறி. பொது இடத்தில் தகுந்த காரணமில்லாமல் தாக்கும் ஆயுதம் கொண்டுசெல்வதற்கு 1958ஆம் ஆண்டு அரிக்கும், வெடிக்கும் பொருட்கள், தாக்கும் ஆயுதங்கள் சட்டத்தின் 6ஆவது பிரிவில் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. தோட்ட வேலைக்குப் போகும் நாளில் பாராங் கொண்டுபோங்கள், வேலை முடிந்ததும் வீட்டில் இறக்கிவிடுங்கள்.

வேலை அனுமதியில் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்திருப்பவர்கள் துப்பாக்கி உரிமத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம். உங்களுக்கு அடுத்த படிதான் முக்கியம்.

2. விண்ணப்பம் நகரும் மாதங்களில் வீட்டை இறுக்குங்கள்

உரிம விண்ணப்பம் வாரக் கணக்கில் முடிகிற வேலை இல்லை. மாதக் கணக்கில் எதிர்பாருங்கள், மறுக்கப்படவும் கூடும். அதுவரை வீடு திறந்தா கிடக்கும்? அதைவிட முக்கியமான ஒன்று: உரிமம் ஒருவர் பெயரில்தான் வரும். அப்பா ஷிப்டு வேலைக்குப் போன இரவில் அம்மாவோ பாட்டியோ அந்தத் துப்பாக்கியை எடுக்கச் சட்டம் விடாது. கிரில் வீட்டில் உள்ள எல்லாரையும் காக்கும், உரிமம் ஒருவருக்கு மட்டும். இதனால்தான் இந்தப் படியை முன்னால் வைக்கிறோம்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய தெரெஸ் வீட்டில் உள்ளே வர நாலு வழிகள்: பின்சந்துப் பக்கத்துச் சமையலறைக் கதவு, மேலே திறந்த காற்றுக்குழி, கார் நிறுத்தும் கூரை மேல் ஏறி மாடிச் சன்னல், பின்பக்கத்து ஓடு. முன்கதவுக்குப் பெரிய பூட்டு மாட்டிவிட்டுப் பின்கதவில் சின்னத் தாழ்ப்பாளோடு நிறுத்துவதுதான் வழக்கமான தவறு.

கிரில் போடுபவர் சதுர அடிக்கு விலை சொல்வார். விலை கேட்பதற்கு முன் கம்பி உள்ளே பொள்ளலா, முழுக் கம்பியா என்று கேளுங்கள். 12 மில்லிமீட்டர் முழுக் கம்பி, கம்பிக்குக் கம்பி 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல், துத்தநாகம் பூசியதாக. மெல்லிய பொள்ளல் கம்பியைக் கார் ஜாக்கியே வளைத்துவிடும். சட்டம் சுவருக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறதா, மேல் சாந்தில் மட்டும் நிற்கிறதா என்று பாருங்கள். கீல் வெளிப்பக்கம் இருந்தால் அதன் முனையைப் பற்றவைத்து மூடச் சொல்லுங்கள். பூட்டின் வளைவு வெளியே தெரியக்கூடாது, இரும்புப் பெட்டி மறைக்க வேண்டும். மூன்று பேரிடம் விலை கேளுங்கள். பொருத்தும் கூலி, பழைய கிரில் கழற்றும் கூலி இரண்டையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

இப்போது தீ. இரவில் எல்லாக் கிரில்லையும் பூட்டிவிட்டு, சாவிக்கொத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தூங்கும் வீடுகளில் தீப்பிடித்தால் தீயணைப்பாளர்கள் வந்து கம்பியை அறுக்கும் வரை உள்ளே இருப்பவர்கள் தாங்க மாட்டார்கள். திருடனுக்குப் பயந்து கட்டிய கூண்டிலேயே குடும்பம் சிக்கிவிடக் கூடாது. மாடியில் ஒரு சன்னல் கிரில்லாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும். அதன் சாவி அந்த அறையிலேயே, வெளியிலிருந்து கை எட்டாத ஓர் ஆணியில், எந்நாளும் அதே இடத்தில் தொங்க வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவி ஒன்று படிக்கட்டின் மேல், இன்னொன்று சமையலறைக்கு வெளியே. குழந்தைகளுக்கு இருட்டில் சாவியைத் தடவி எடுக்கப் பழக்குங்கள்.

மாடியில் பெரிய படுக்கையறையைப் புகலிட அறையாக வைத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டியவர் மாட்டிய ஒட்டுப்பலகைக் கதவு உள்ளே வெறும் பொள்ளல், நாலு உதையில் உடைந்துவிடும். முழுமரக் கதவாக மாற்றி, மேலும் கீழும் தாழ்ப்பாள் போடுங்கள். தாழ்ப்பாள் தகட்டை ஓர் அங்குல ஸ்குரூ தாங்காது. மூன்று அங்குல ஸ்குரூ வேண்டும். அறைக்குள் இரவில் இருக்க வேண்டியவை: சார்ஜில் கைப்பேசி, டார்ச் விளக்கு, கார்ச் சாவி. கார்ச் சாவியின் அபாய ஒலிப் பொத்தான் தாமானையே எழுப்பிவிடும்.

தானியங்கிக் கேட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: வீட்டுக்குள் புகும் பலர் கேட் மெதுவாக மூடும் அந்தச் சில நொடிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். கார்க் கதவைப் பூட்டியபடியே உட்கார்ந்திருங்கள். கேட் முழுதும் மூடிய பிறகு இறங்குங்கள்.

3. எந்தக் காரணத்தில் விண்ணப்பிக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

உரிமம் தருவதும் மறுப்பதும் அந்தந்த வட்டாரத்துப் போலிஸ் தலைவரின் அதிகாரம். கோலாலம்பூருக்குக் கோலாலம்பூர் போலிஸ் தலைவர், பினாங்குக்குப் பினாங்குத் தலைவர். விண்ணப்பத்தை உங்கள் மாவட்டப் போலிஸ் தலைமையகத்தில் கொடுப்பீர்கள்.

நடைமுறையில் முக்கியக் காரணங்கள் மூன்று: பயிர்க்காவல், தற்பாதுகாப்பு, குறிசுடும் விளையாட்டு. செனாப்பாங் பாத்தா எனப்படும், நடுவில் மடித்துத் தோட்டா போடும் ஷாட்கன் பெரும்பாலும் பயிர்க்காவலுக்கு உரியது. பினாங்குத் தீவின் பாலேக் பூலாவில் டுரியான் தோட்டமோ செபராங் பிறைக்குப் பின்னால் செம்பனையோ வைத்திருந்து, குரங்கும் காட்டுப்பன்றியும் பயிரை அழித்தால் அதற்குப் பொருளுண்டு. கோலாலம்பூர்ச் செராஸில் தெரெஸ் வீட்டில் இருப்பவருக்கு அந்தக் கதவு இல்லை. தோட்டத்துக்கென்று வாங்கிய உரிமத்தில் உள்ள செனாப்பாங்கை நகரத்து வீட்டில் கட்டிலடியில் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உரிமத்தில் எழுதிய காரணத்தையும் நிபந்தனையையும் மீறினால் உரிமம் போகும், வழக்கும் வரும்.

கைத்துப்பாக்கி பெரும்பாலும் தற்பாதுகாப்புக் காரணத்தில் வருகிறது. பொதுவான பயம் அதற்குப் போதாது. உங்களை, பெயர் சொல்லி, யாரோ குறிவைக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். தினமும் பணமோ தங்கமோ எடுத்துச்செல்லும் நகை வியாபாரி, நாணய மாற்று வணிகர், மிரட்டலுக்கு ஆளானவர் போன்றோர்தான் இந்த வாசலில் நிற்கிறார்கள். "எங்கள் தாமானில் திருட்டு அதிகம்" என்ற ஒரு வரியோடு போனால் நேரம்தான் வீண்.

4. கோப்பைத் தயார் செய்யுங்கள்

விண்ணப்பம் கொடுக்கும் நாளன்று எதற்காகவும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியிராமல் எல்லாவற்றையும் அசலும் இரண்டு நகலுமாக எடுத்துச்செல்லுங்கள்:

மைகார்டு எனப்படும் அடையாள அட்டை, அண்மைய கடவுச்சீட்டு அளவுப் படங்கள், வருமான வரி அறிக்கை அல்லது சம்பளச் சீட்டு, வணிகர் என்றால் நிறுவனப் பதிவுச் சான்றும் கடை உரிமமும், பயிர்க்காவல் என்றால் நிலப் பட்டாவும் அந்த ஆண்டு நிலவரி ரசீதும், பயிர்ச் சேதத்தின் தேதியிட்ட படங்களும், தற்பாதுகாப்பு என்றால் போலிஸ் புகார்களின் நகல்கள். உங்கள் மாவட்டத்தின் உரிமப் பிரிவு வேறு படிவமும் மருத்துவச் சான்றும் கேட்கலாம். ஆகவே முதல் முறை கோப்பு இல்லாமலே போய்ப் பட்டியலையும் அன்றைய கட்டணத்தையும் எழுதி வாங்கி வாருங்கள். இந்த ஒரு நடை பல நடையை மிச்சப்படுத்தும்.

இதில் உயிர்நாடி போலிஸ் புகார்தான். மிரட்டல் வந்த அன்றே கொடுங்கள். ஆறு மாதம் கழித்து, விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மூன்று புகார்களைச் சேர்த்துக் கொடுத்தால் அதன் நோக்கம் யாருக்கும் புரிந்துவிடும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மிரட்டியவன் எந்த மொழியில் என்ன சொன்னானோ அதே சொற்களை எழுதச் சொல்லி, பக்கத்தில் மலாய்ப் பொருளைச் சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் தேதி, நேரம், முகவரி, பெயர் எழுத்து எல்லாவற்றையும் படித்துப் பாருங்கள். நம் பெயர்களில் எழுத்துப் பிழை எளிதில் நுழைந்துவிடும், மைகார்டோடு ஒத்துப்போகாத புகார் பின்னால் சிக்கலாகும்.

சிசிடிவி காட்சியை உடனே எடுத்து வையுங்கள். நாலு கேமராவும் ஒரு டெராபைட் தட்டும் இருந்தால், ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று கணக்கிட்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 86 கிகாபைட் போய்விடும். பன்னிரண்டு நாளைக்குள் பழைய காட்சியின் மேல் புதியது எழுதப்படும். புகார் கொடுத்த அன்றே விரலித்தட்டில் இரண்டு நகல்.

வட்டி முதலைகள், அதாவது சட்டவிரோதமாகக் கடன் கொடுப்பவர்கள், கடனைக் கேட்டு மிரட்டச் சிவப்புச் சாயம் ஊற்றிய வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கடன் வேறொருவருடையது, உங்கள் முகவரி தவறாகக் கொடுக்கப்பட்டது என்றால் அதையும் புகாரில் தெளிவாகச் சொல்லுங்கள். கடன் உங்கள் வீட்டுடையதுதான் என்றால் துப்பாக்கி அந்தப் பிரச்சினையைத் தீர்க்காது. புகாரோடு சட்ட உதவியைத் தேடுங்கள்.

5. இனி ஷாட்கனா, கைத்துப்பாக்கியா

இரண்டுக்கும் வாசல் திறந்திருக்கும் ஒருசிலருக்காக இந்தப் படி. மற்றவர்களும் படிக்கலாம், இணையத்தில் சுற்றும் பல தவறான நம்பிக்கைகளை உதறிவிட உதவும்.

"ஷாட்கனுக்குக் குறி வேண்டாம், அந்தப் பக்கம் நீட்டினால் போதும்" என்பது பெரிய பொய். 12 போர் என்ற குழாய் அளவுக்கான, பெரிய குண்டுகள் கொண்ட பக்ஷாட் தோட்டாவில் ஏறக்குறைய 8.4 மில்லிமீட்டர் அளவுள்ள எட்டு ஒன்பது குண்டுகள் இருக்கும். குழாயின் நுனி குறுகலாக இல்லாவிட்டால் அவை ஒரு கெஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பது தோராயக் கணக்கு. உங்கள் வரவேற்பறையின் நீளம் 5 மீட்டர் என்றால் விரிவு ஏறக்குறைய ஐந்தரை அங்குலம்தான். குறி தப்பினால் முழுதும் தப்பும்.

நீளத்தைப் பாருங்கள். 28 அங்குலக் குழாய் கொண்ட செனாப்பாங் ஒரு மீட்டருக்கு மேல் நீளம், எடை 3 கிலோ அளவு. தெரெஸ் வீட்டுப் படிக்கட்டு அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர். திருப்பத்தில் குழாயின் நுனி உங்களுக்கு முன்னால் போகும், மறைந்து நிற்பவன் அதைப் பிடித்து இழுக்கலாம். இரட்டைக் குழாயில் இரண்டு தோட்டா, அதற்குமேல் மடித்துப் போட வேண்டும். அதன் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. மடித்துப் பார்த்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணாலேயே தெரியும். பொறி எளிது, சிக்கிக்கொள்வது அபூர்வம். தோளில் ஊன்றிச் சுடுவதால் குறி கைத்துப்பாக்கியைவிட உறுதியாக நிற்கும், ஆனால் உதை பலமானது.

கைத்துப்பாக்கி ஒரு கையால் பிடிக்கக்கூடியது. மறுகையில் தொலைபேசியோ குழந்தையோ இருக்கலாம். எடை ஒரு கிலோ அளவு, உள்ளே தோட்டாக்களும் அதிகம். அதற்குக் கொடுக்க வேண்டிய விலை பயிற்சி. குழாய் குட்டையாக இருப்பதால் கை சற்றே நடுங்கினாலும் குண்டு எங்கோ போய்விடும். பதற்றத்தில் 5 மீட்டரிலும் தவறும். மாதம் ஒருமுறையாவது சுடுகளத்துக்குப் போக முடியாதவர் இதை விரும்பக் கூடாது என்பது எங்கள் தீர்மானமான கருத்து. சுடுகளக் கட்டணம், தோட்டாச் செலவு, பயண நேரம் மூன்றையும் ஆண்டுக் கணக்கில் கூட்டிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

சுவர்களைப் பற்றி அமெரிக்கர்கள் சொல்வது நமக்குப் பாதிதான் பொருந்தும். அங்கே உள்சுவர் ஜிப்சம் பலகை, 9 மில்லிமீட்டர் குண்டும் பக்ஷாட்டும் பல பலகைகளைத் துளைத்துப் போகும். இங்கே இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் பெரும்பாலும் செங்கல்லோ கான்கிரீட்டோ. அதனால் நிம்மதி வேண்டாம். சன்னல் கண்ணாடி, பொள்ளல் கதவு, பலகைத் தடுப்பு, கிராமத்துப் பலகை வீட்டுச் சுவர் எதுவும் குண்டை நிறுத்தாது. வாசலை நோக்கிச் சுட்டால் தெருவுக்கு எதிர்ப்பக்கம் வரவேற்பறை. பின்கதவை நோக்கிச் சுட்டால் பின்சந்தைத் தாண்டி இன்னொருவர் சமையலறை. மூடிய அறையில் இந்த இரண்டு வகைத் துப்பாக்கியின் ஓசையும் 150 டெசிபலுக்கு மேல் போகும், காது நிரந்தரமாகப் பழுதாகலாம்.

எங்கள் முடிவு இது. நிலமும் தோட்டமும் இருந்து, அங்கேயே குடியிருப்பவருக்குச் செனாப்பாங். உங்களைக் குறிவைத்துத் தொடரும் மிரட்டல், நிரூபிக்கும் காகிதம், தவறாத பயிற்சி மூன்றும் உள்ளவருக்குக் கைத்துப்பாக்கி. மற்ற எல்லாருக்கும் இரண்டாவது படியில் சொன்ன கிரில், கதவு, தொலைபேசி.

6. வைக்கும் இடம்

இரும்புப் பெட்டியைச் சுவரிலும் தரையிலும் போல்ட் போட்டு இறுக்குங்கள். தூக்கிக்கொண்டு போகக்கூடிய பெட்டி திருடனுக்குச் சுமந்துபோக வசதியான பொட்டலம். தோட்டாக்கள் வேறு பூட்டில். நம் ஊர் ஈரத்தில் எண்ணெய் பூசாத இரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைப் பெட்டிக்குள் போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள். பெட்டியின் சாவியோ எண்ணோ உரிமக்காரரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது, பிள்ளைகளுக்கு நிச்சயமாகத் தெரியக்கூடாது.

ஒரு சோதனை செய்யுங்கள். துப்பாக்கி வாங்கும் முன்பே செய்யலாம். படுத்திருங்கள். வீட்டில் ஒருவர் கீழே பாத்திரத்தைத் தட்டட்டும். எழுந்து, கண்ணாடி போட்டு, சாவி எடுத்து, ஒரு பூட்டுப் பெட்டியைத் திறந்து, இன்னொன்றைத் திறந்து முடிக்க எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். அதே நேரத்தில் பிள்ளைகளைப் புகலிட அறைக்குள் கொண்டுவந்து தாழ்ப்பாள் போட முடிகிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள்.

7. சுடும் உரிமை எங்கே முடிகிறது

குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. உயிரையும் உடைமையையும் காக்க உரிமை உண்டு. 99ஆவது பிரிவு அதற்கு வேலி போடுகிறது: போலிஸ் உதவியை நாட நேரம் இருந்தால் உரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை. உயிர்போகும் அளவுக்குப் போக 100ஆவது, 103ஆவது பிரிவுகள் சில நிலைகளில்தான் விடுகின்றன. மரண பயம், கொடுங்காய பயம், கொள்ளை, இரவில் வீடு உடைத்து நுழைதல் அவற்றுள் சில. அப்போதும் 99ஆவது பிரிவின் வேலி அப்படியே நிற்கிறது.

தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலியேறி ஓடுகிறவன் முதுகில் சுட்டால், நீங்கள் காத்தது உயிரை அல்ல. கொலைக்கு 302ஆவது பிரிவில் மரண தண்டனை அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறை. ஓடுகிறவனை ஓட விடுங்கள். சட்டையின் நிறம், மோட்டார் சைக்கிள் எண், போன திசை இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

யாரோ நுழைந்துவிட்டார்கள் என்றால் அறையைத் தாழிட்டு 999. முதலில் முகவரி சொல்லுங்கள், இணைப்பு அறுந்தாலும் வண்டி வரும். வீட்டு எண், ஜாலான் பெயர், தாமான் பெயர், பக்கத்தில் உள்ள கோயிலோ பள்ளியோ. பிறகு "ரூமா சாயா டிப்பெச்சா மாசோக்" (என் வீட்டை உடைத்து உள்ளே வந்துவிட்டார்கள்) என்று மலாயில் சொன்னால் போதும். எத்தனை பேர், எந்த மாடியில், நீங்கள் எந்த அறையில் என்று தொடருங்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். போலிஸ் உள்ளே வரும்போது உங்கள் கையில் எதுவும் இருக்கக் கூடாது. இருட்டில் அவர்களுக்கு யார் வீட்டுக்காரர் என்று தெரியாது. மலாய் தடுமாறும் பெரியவர்களுக்காக முகவரியையும் இந்த ஒரு வரியையும் தமிழ் எழுத்தில் எழுதிப் புகலிட அறையின் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

8. உரிமம் கிடைத்த பிறகு

உரிமத்தில் உங்கள் பெயர், துப்பாக்கியின் தொடர் எண், வைத்துக்கொள்ளக்கூடிய தோட்டாக்களின் அளவு இருக்கும். கடையிலிருந்து வெளியே வரும் முன் எண்ணை இரும்பில் பொறித்ததோடு ஒப்பிடுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காலாவதித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே கைப்பேசியில் நினைவூட்டல் போடுங்கள். தேதி கடந்த துப்பாக்கி உரிமமில்லாத துப்பாக்கிதான். தொலைந்தாலோ திருடுபோனாலோ அந்த மணி நேரமே புகார்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறீர்கள், இந்தியாவுக்கு ஒரு மாதம் போகிறீர்கள் என்றால் ஆயுதத்தை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வழி கேளுங்கள், ரசீது வாங்குங்கள். அதே நடையில் வீடு பூட்டியிருக்கும் நாட்களைச் சொல்லும் படிவத்தையும் காவல் நிலையத்தில் நிரப்பிக் கொடுத்தால் ரோந்து வண்டி ஒரு பார்வை பார்க்கும். துப்பாக்கி இல்லாதவர்களும் இந்தப் படிவத்தை நிரப்பலாம்.

உரிமக்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கி பிள்ளைகளுக்கு வீடுபோல் வந்துசேராது. அவர்கள் அதை வைத்திருப்பதே முதல் படியில் சொன்ன குற்றமாகிவிடும். போலிசுக்குத் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். ஆகையால் உரிமத்தின் நகல், பெட்டி எந்த அறையில் இருக்கிறது, எந்தக் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும் ஆகிய மூன்றையும் ஓர் உறையில் போட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். உறையை எப்போது பிரிக்க வேண்டும் என்று மனைவியிடமோ கணவரிடமோ சொல்லி வையுங்கள்.